சோறு போட்ட குற்றம்

வ.உ. சிதம்பரம் பிள்ளை என்றால் நம் பள்ளிப் பாடங்கள் இரண்டு காட்சிகளோடு நின்றுவிடும்: கப்பல், செக்கு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நீதிமன்றக் கூண்டு இருக்கிறது. அங்கே அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் இரண்டாவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். ஒன்று, அவரே ஆற்றிய உரைக்காக. மற்றொன்று, சுப்பிரமணிய சிவா ஆற்றிய உரைகளுக்கு உடந்தையாக இருந்ததற்காக. சிவாவுக்குத் தங்க இடமும் உணவும் தந்தார், ஒரே மேடையில் உடன் நின்றார் என்பதே அந்த உடந்தையின் சாரம். ஆயுள் என்பது அன்றைய கணக்கில் இருபது ஆண்டு. பேசிய சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். அவருக்குச் சோறு போட்டதற்கு இருபதாண்டு.

பொருளாதாரம் கற்பித்துக் காலம் கழித்தவன் நான். இந்தக் கணக்கு என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது. போராடுபவரின் உரிமைகளைப் பற்றி நாம் நிறையவே எழுதுகிறோம். அவருக்குத் தண்ணீர்க் குடம் கொண்டு வருபவர், பந்தல் போட இடம் கொடுப்பவர், பிணை நிற்பவர், வழக்காடுபவர் ஆகியோரின் உரிமையைப் பற்றி அவ்வளவு எழுதுவதில்லை. ஆனால் அரசுகள் அவர்களை ஒருபோதும் மறந்ததில்லை. வ.உ.சி.யின் வாழ்க்கையை இந்தப் பக்கத்திலிருந்து படித்தால் அது வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் அவர். தந்தை உலகநாத பிள்ளையும் வழக்கறிஞர். மகன் பிளீடர் தேர்வில் தேறிச் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கியபோது கிரிமினல் வழக்குகளையே விரும்பி எடுத்தார். வறியவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் வாதாடினார். அவர் பக்கம் நின்றவர்கள் விடுதலையாவது காவல் துறைக்குப் பிடிக்கவில்லை. பகை முற்றவே, 1900இல் தந்தை அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். அரசியலுக்கு வருவதற்கு முன்பே, குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் துணை போகிறவன் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதை நன்கு அறியப்பட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1906 அக்டோபரில் பதிவான அந்த நிறுவனத்தின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. பயணிகளை இலவசமாக ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். போட்டியாளரை ஒழிக்க நட்டத்துக்கு விற்பது என்ற உத்தியை வகுப்பில் விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

ஆனால் அவரைச் சிறைக்கு அனுப்பியது கப்பல் மட்டுமல்ல. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். ஹார்வி சகோதரர்களின் ஆலை அது. கூலி சொற்பம், வேலை நேரம் நீளம், வார விடுமுறை கிடையாது. தொழிற்சங்கம் என்ற சொல்லே சட்டத்தில் இல்லாத காலம். வ.உ.சி.யும் சிவாவும் சில நாள்களுக்கு முன்பிருந்தே தொழிலாளர்களிடையே பேசி வந்தனர்.

ஒரு வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கோரிக்கையின் நியாயம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தொழிலாளியின் வீட்டுப் பானையில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. முதலாளியால் ஒரு மாதம் காத்திருக்க முடியும். தினக்கூலியால் ஒரு வாரம் முடியாது. வ.உ.சி. இதை நன்கு அறிந்திருந்தார். ஊர் வணிகர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் நிதி திரட்டினார். வேலை இழந்து நின்றவர்களுக்கு ஊருக்குள் வேறு வேலைகள் கிடைக்க ஏற்பாடு செய்தார். ஊரே தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. ஆலை நிர்வாகத்தை ஆதரித்த ஒரு வழக்கறிஞருக்கு நாவிதர் பாதி முகத்தோடு சவரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனார் என்ற கதை அந்த நாள்களுக்கு உரியது. ஏறக்குறைய பத்து நாள்களுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

அரசு இறங்கி வரவில்லை. சிறையிலிருந்து விடுதலையான விபின் சந்திர பாலைக் கொண்டாட மார்ச் 9 அன்று நடக்கவிருந்த ஊர்வலத்தைச் சாக்கிட்டு மாவட்ட ஆட்சியர் விஞ்ச் கெடுபிடியைத் தொடங்கினார். மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் கைதாயினர். முதலில் எடுக்கப்பட்டது ராஜதுரோக வழக்கல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நன்னடத்தைக்கு ஜாமீன் எழுதித்தரக் கோரும் நடவடிக்கையே எடுக்கப்பட்டது. குற்றம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, குற்றம் செய்யக்கூடும் என்ற ஐயமே போதும் என்ற வகையைச் சேர்ந்த சட்டப் பிரிவுகள் அவை.

அந்தப் பிரிவுகள் எங்கும் போய்விடவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107 முதல் 110 வரை இருந்தவை இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126 முதல் 129 வரை எண் மாறி இருக்கின்றன. அமைதி காப்பதாகப் பத்திரம் எழுதித்தரச் சொல்வதும், மீறினால் உள்ளே வைப்பதும் தமிழ்நாட்டில் பழகிப்போன நடைமுறை. மாநகரங்களில் காவல் துணை ஆணையரே இதற்கான நிர்வாக நடுவராக அமர்ந்திருந்தார். பிடிப்பவரும் விசாரிப்பவரும் ஒரே துறை. இந்த அதிகாரத்தை அளித்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தது. 2022இல் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்த பிறகு, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வாழும் எங்களுக்கு அந்தத் தீர்ப்பு ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

கைதான மறுநாள், மார்ச் 13 அன்று, திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை விட்டு வெளியே வந்தனர். இம்முறை கூலிக்காக அல்ல, தங்களுக்குத் துணை நின்றவரை விடுவிக்கக் கோரி. திலகர் தண்டிக்கப்பட்டதை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் புகழ்பெற்றது. அது நடந்தது அதே ஆண்டு ஜூலையில். தூத்துக்குடி நான்கு மாதம் முந்திக்கொண்டது.

அரசு தந்த மறுமொழி தண்டக் காவல். கூடுதல் போலீஸ் படையை ஊருக்குள் நிறுத்தி, அதன் செலவை ஊர் மக்களிடமே வரியாக வசூலிப்பது. கல் எறிந்தவன் யார், எறியாதவன் யார் என்ற ஆராய்ச்சி அதில் இல்லை. ஆதரவு தந்த ஊர் முழுவதையும் குற்றவாளியாகக் கணக்கு வைக்கும் நிதிமுறை அது. இன்று சேதத்துக்கு ஈடு என்ற பெயரில் சில மாநிலங்களில் விசாரணைக்கு முன்பே அனுப்பப்படும் வசூல் நோட்டீசுகளைப் பார்க்கும்போது, இந்தப் பழைய கணக்குப் புத்தகம்தான் என் நினைவுக்கு வருகிறது.

பின்னர் ராஜதுரோக வழக்கு வந்தது. கூடுதல் மாவட்ட நடுவர் வாலஸ் விசாரித்து அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பின்ஹேயின் தீர்ப்பு வந்தபோது லண்டனிலேயே முகம் சுளித்தார்கள். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி, இத்தகைய தண்டனைகளைத் தம்மால் தாங்கிப் பேச முடியாது என்ற கருத்தில் வைசிராய்க்கு எழுதினார். உயர் நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து தண்டனையைக் குறைத்தது. முடிவில் எஞ்சியது ஆறாண்டு. அந்தமான் தவிர்ந்தது, கோவையும் கண்ணனூரும் கிடைத்தன.

உடந்தை என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். ஒரு குற்றத்துக்கு உதவுகிறேன் என்று தெரிந்து, அந்த எண்ணத்தோடு உதவினால்தான் அது உடந்தை. பழைய இந்திய தண்டனைச் சட்டமும் அப்படித்தான் சொன்னது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 45ஆம் பிரிவும் அப்படித்தான் சொல்கிறது. விருந்தாளிக்கு இலை போடுவது அவருடைய நாளைய பேச்சுக்குத் துணை போவதாகாது. ஆனால் அடிப்படைக் குற்றமே பேச்சு என்றாகிவிட்டால், எண்ணத்தை எங்கிருந்து அளப்பது? இலை போட்டதிலிருந்தும் மேடையில் அமர்ந்ததிலிருந்தும் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பின்ஹே செய்தது அதுவே. வன்முறையைத் தூண்டும் போக்கு இருந்தால்தான் ராஜதுரோகம் என்று உச்ச நீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் வரையறுக்க 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 மே மாதம் அந்தப் பிரிவையே அது நிறுத்திவைத்தது. புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு வேறு சொற்களில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்பது என் கருத்து.

கோரல் ஆலைக்கு நிதி திரட்டியதற்காக வ.உ.சி.யைத் தண்டிக்க 1908இல் தனிச் சட்டம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இன்று இருக்கிறது. சட்டவிரோதமான வேலைநிறுத்தத்துக்கு நேரடியாக ஆதரவளிக்கப் பணம் செலவிடுவதை 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தடைசெய்து, சிறைத் தண்டனையும் வைத்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்பும் அதே குற்றத்தை வைத்திருக்கிறது. முன்னறிவிப்பு இன்றி நடக்கும் எந்தத் தொழிற்சாலை வேலைநிறுத்தமும் அதன்படி சட்டவிரோதம். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த இந்த நிபந்தனை இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைத் தொழிலாளிக்கும் பொருந்தும். சட்டம் விரிந்த அளவுக்கு, அரிசி கொடுப்பவர் குற்றவாளியாகும் வாய்ப்பும் விரிந்திருக்கிறது.

இதன் கூர்மையான வடிவத்தை ஆவடி பார்த்தது. ஆவடி என்றதும் என் தலைமுறைக்கு 1955 காங்கிரஸ் மாநாடும் அதன் சோஷலிசப் பாணிச் சமுதாயத் தீர்மானமும் நினைவுக்கு வரும். அதைப் பற்றித் தேர்வில் கேள்வி கேட்டே நான் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். 2021இல் அதே ஊரின் கனரக வாகனத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை உள்ளிட்ட நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தனர். ஜூன் 30 அன்று அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அதுவே அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் ஆனது. தடைசெய்யப்பட்ட வேலைநிறுத்தத்தில் பங்கேற்பவருக்கு ஓராண்டு வரை சிறை. தூண்டுபவருக்கும், தெரிந்தே பணம் கொடுப்பவருக்கும் இரண்டாண்டு வரை சிறை. பங்கேற்பவரைவிட உதவுபவருக்கு இருமடங்கு. பின்ஹேயின் கணக்கு அச்சுப் பிசகாமல் அங்கே நின்றது. அச்சட்டத்துக்கு ஓராண்டே ஆயுள் என்று அதிலேயே எழுதியிருந்ததால் அது காலாவதியானது. அந்த ஓராண்டில் எந்தக் கடைக்காரர் எந்தத் தொழிலாளி வீட்டுக்குக் கடனில் அரிசி கொடுக்கத் தயங்கினார் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. ஒரு சட்டத்தின் பயன், அதன்கீழ் போடப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருவது ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதி. 2024 செப்டம்பர் 9 அன்று அங்கே சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அக்டோபரில் ஓர் இரவில் அவர்களுடைய பந்தல் பிரிக்கப்பட்டது. தொழிலாளர்கள் வீடுகளிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் கேட்ட சங்கப் பதிவு அடுத்த ஜனவரியில்தான் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டபோது, உடன் நின்ற வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் சேர்த்தே பிடிக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நடைபாதையை மறிக்கக் கூடாது என்ற ஆணை ஒருபுறம் இருக்கட்டும். அதை நிறைவேற்றும் சாக்கில் கட்சிக்காரரின் அருகில் நின்ற வழக்கறிஞரைப் பிடிப்பது என்ன சட்டம்? கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் கூறு. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பவையும் எழுதப்பட்ட சட்டமே. வழக்கறிஞரும் நண்பரும் அதே வேனில் ஏற்றப்பட்டுவிட்டால், யார் யாருக்குத் தகவல் சொல்வது?

வ.உ.சி. சிறையில் செக்கிழுத்தார், கல் உடைத்தார். செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர், பின்னர் தெளியவேயில்லை. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. காலியா கப்பலை எதிரிக் கம்பெனியே விலைக்கு வாங்கியது. 1912 டிசம்பர் 24 அன்று அவர் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது பெருங்கூட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. சிவா சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளாகி, அவருக்குச் சற்று முன்பாக வெளியே வந்திருந்தார்.

வழக்கறிஞர் சன்னது பறிபோயிருந்தது. இதைச் சிறையைவிடக் கொடிய தண்டனை என்பேன். சிறைக்கு ஒரு கடைசி நாள் உண்டு. பிழைப்பைப் பறிப்பதற்கு அது கிடையாது. திருநெல்வேலிப் பக்கம் போக முடியாமல் சென்னையிலேயே பல இடங்களில் குடியிருந்தார். பெரம்பூரில் இருந்தபோது சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார். கப்பல் நடத்தியவருக்குக் கடை நடத்த வரவில்லை.

அந்நாளில் அவருக்காக நிதி திரட்டியவர்களில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களும் உண்டு. அந்தப் பணம் காந்தியடிகள் கைவழியாக வர வேண்டியிருந்தது. 1915இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து நீண்டுகொண்டே போனது. எவ்வளவு, யார் கொடுத்தது என்ற விவரம் காந்தியிடமும் சரியாக இல்லை. வறுமையில் இருந்தவர் நயம் குறையாமல் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. கடைசியில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. கடல் கடந்து உழைத்த ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள், முகம் அறியாத ஒருவரின் குடும்பத்துக்கு அனுப்பிய தொகை அது. வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு திரட்டியவருக்கு வேறு யாரோ சோறு திரட்டினார்கள். ஒருவரையொருவர் இப்படித் தாங்கிக்கொள்ளும் இந்தச் சங்கிலியைத்தான் உடந்தைச் சட்டங்கள் குறிவைக்கின்றன என்பதைப் பின்ஹே புரிந்துகொண்டிருந்தார். நாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

வ.உ.சி. குடியிருந்த அந்தப் பெரம்பூர் வட்டாரத்தில்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்காம் ஆலை நிர்வாகம் 1920இல் சங்கத் தலைவர் வாடியா மீதும் பிறர் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை வாங்கியது. வாடியா ஆலைத் தொழிலாளி அல்லர். வெளியிலிருந்து வந்து ஆதரித்தவர். தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதே புகார். இந்த வழக்கு எழுப்பிய கொந்தளிப்பிலிருந்துதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளை அது சதி வழக்குகளிலிருந்தும் இழப்பீட்டு வழக்குகளிலிருந்தும் காத்தது. நிர்வாகிகளில் பாதிப்பேர் வரை வெளியாராக இருக்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது. ஆதரவாளருக்குச் சட்டம் தந்த முதல் குடை அது என்று துணிந்து சொல்லலாம். பெரம்பூரிலிருந்து அதே ரயில் பாதையில் மேற்கே வந்தால் அம்பத்தூரும் ஆவடியும். பின்னாளில் இங்கே தொழிற்சாலைகள் எழுந்தபோது வாயிற்கூட்டங்களில் பேசிய வெளியார் பலரும் அந்தக் குடையின்கீழ் நின்றே பேசினார்கள். 2001ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வெளியார் பங்கை மூன்றில் ஒன்று அல்லது ஐவர் என்று சுருக்கியது, புதிய தொகுப்பும் அதையே தொடர்கிறது.

அவருடைய சன்னது 1920களில் திரும்பக் கிடைத்தது. 1908இல் அவரை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிய அதே வாலஸ், அப்போது உயர் நீதிமன்றத்தில் இருந்து அதற்குத் துணை செய்தார். வ.உ.சி. தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். இதைப் பெருந்தன்மை என்று மேடைகளில் சொல்வார்கள். மறுபடி உழைத்துச் சாப்பிட அனுமதி கிடைத்ததற்காக ஒரு மனிதர் இந்த அளவுக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்ததே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936 நவம்பர் 18 அன்று அங்குள்ள காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. அவர் விட்டுச்சென்ற உயிலில் குடும்பத்துக்கான ஏற்பாடுகளோடு, கடைகளுக்கு அவர் தர வேண்டியிருந்த பாக்கிகளும் குறித்து வைக்கப்பட்டிருந்தன.